பிணைக்காக அலைந்த நாட்கள்

என் தங்கச்சியின் பெயரை இங்கே எழுதவில்லை. அவளுக்கு வளர்ந்த பிள்ளைகள் இருவர் இருக்கிறார்கள். நானும் அவளும் கிளிநொச்சி மாவட்டத்தில் ஒரே ஒழுங்கையில் இருக்கிறோம் என்று மட்டும் சொன்னால் போதும். என் கணவர் 2009 இல் முள்ளிவாய்க்காலில் ஷெல் விழுந்து இறந்தார். அவளுடைய கணவர் உயிரோடு வந்தார். ஆனால் வந்தவர் பழைய ஆள் இல்லை.

2018 செப்டெம்பரில் ஒரு புதன்கிழமை மேல் நீதிமன்றத்தில் தீர்ப்பு வாசிக்கப்பட்டது. மரண தண்டனை கொடுக்கும்போது மின்விளக்குகளை அணைப்பார்கள் என்று பத்திரிகையில் வாசித்திருக்கிறேன். அன்று கண்ணால் கண்டேன். விளக்குகள் அணைந்தன, காற்றாடிகள் நின்றன, எல்லோரும் எழுந்து நின்றோம். ஜனாதிபதி குறிக்கும் நாளில், குறிக்கும் இடத்தில் என்று தொடங்கிய வசனத்தின் மிச்சம் என் காதில் விழவில்லை. தங்கச்சி கூண்டுக்குள் நின்றபடி திரும்பி என்னைப் பார்த்து, "அக்கா, கோழிக்கூடு பூட்டேல்லை" என்றாள். காலையில் வெளிக்கிட்ட அவசரத்தில் பூட்டாமல் வந்துவிட்டாளாம். அவள் மனம் அந்த நேரம் அங்கேதான் நின்றது.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மெனிக் பாம் முகாமிலிருந்து 2010 இல் ஊருக்குத் திரும்பினோம். அவளுடைய கணவருக்குத் தலையில் எடுக்க முடியாத ஒரு ஷெல் துண்டு இருந்தது. குடி தொடங்கியது, பிறகு அடி. பொலிசுக்கு இரண்டு தடவை போனாள். பிள்ளைகளுக்காகச் சமாளித்துக்கொண்டு இருக்கச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். குடும்ப வன்முறைக்கு எதிராக 2005 இலேயே ஒரு சட்டம் வந்திருந்தது. நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம் என்பது அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. 2011 ஒக்டோபரில் ஓர் இரவு அவர் ஏழு வயது மகளின் கையில் கொள்ளிக்கட்டையை வைத்தார். தங்கச்சி குசினி மூலையில் இருந்த உலக்கையை எடுத்து அடித்தாள். ஒரு அடியோடு விடவில்லை. அவர் விழுந்த பிறகு இன்னொன்று. இரண்டாம் நாள் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். அந்த இரண்டாவது அடியில்தான் வழக்கு முழுவதும் தொங்கியது.

பதினாலு மாதம் விளக்கமறியலில் இருந்தாள். கொலை வழக்கில் நீதவான் பிணை கொடுக்க முடியாது, மேல் நீதிமன்ற நீதிபதிதான் கொடுக்கலாம். 2012 டிசெம்பரில் கொடுத்தார்கள். இரண்டு ஆட்பிணை. எங்கள் ஒழுங்கையிலிருந்து இரண்டு பெண்கள் விதானையாரிடம் கடிதம் எடுத்துக்கொண்டு வந்து கையெழுத்து வைத்தார்கள். இருவரும் கணவரை இழந்தவர்கள், தோட்டக் கூலிக்குப் போகிறவர்கள். அந்த நன்றி எனக்குச் சாகும்வரை இருக்கும். ஒவ்வொரு மாதமும் கடைசி ஞாயிற்றுக்கிழமை பொலிஸ் நிலையத்தில் கையெழுத்து வைக்க வேண்டும் என்பது நிபந்தனை. அவள் மகனின் பழைய கணக்குக் கொப்பியில் கோடு போட்டு, போய் வந்த திகதிகளை எழுதி வைத்தாள். 2013 ஜனவரியிலிருந்து 2018 ஓகஸ்ட் வரை அறுபத்தெட்டுத் திகதிகள். காய்ச்சலோடு போனதும் இருக்கிறது, மழையில் மதகு உடைந்தபோது வயல் வரம்பால் நடந்து போனதும் இருக்கிறது. ஒன்றும் தவறவில்லை.

இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. தீர்ப்பு வந்த அன்று எனக்குள் ஓடியது ஒரே ஒரு எண்ணம். ஆறு வருடம் பிணையில் நின்றவள், ஓடி ஒளியாதவள், ஒரு கையெழுத்தும் தவறாதவள். மேன்முறையீடு செய்தால் அது முடியும்வரை மறுபடி பிணையில் விடுவார்கள்தானே? வீட்டில் பதினாலு வயதுப் பெண்பிள்ளையும் பதினொரு வயதுப் பெடியனும். என் மனம் பிணை, பிணை என்று மட்டும் அடித்துக்கொண்டது.

மூன்றாம் நாள் ஒரு தம்பி வீட்டுக்கு வந்தார். யார் அனுப்பினார்கள் என்று இன்றைக்கும் தெரியாது. கதை மரியாதையாக இருந்தது. "அக்கா, கொழும்பில எனக்கு ஆக்கள் இருக்கினம். முதல்ல பிணை எடுப்பம். அப்பீலைப் பிறகு ஆறுதலாப் பாக்கலாம். காசு கட்டினால் ரெண்டு கிழமையில தங்கச்சி வீட்டில நிப்பா" என்றார். இரண்டரை இலட்சம் ரூபா கேட்டார்.

என்னிடம் இருந்தது தாலிக்கொடி ஒன்றுதான். புதுக்குடியிருப்பிலிருந்து முள்ளிவாய்க்கால் வரையும், பிறகு முகாம் வரையும் இடுப்பில் துணியால் சுற்றிக் கட்டிக்கொண்டு வந்தது. மகள் கட்டும் நாளில் அழித்துச் செய்து கொடுக்கலாம் என்று வைத்திருந்தேன். அதை வங்கியில் அடகு வைத்தேன். குறைந்ததற்குச் சங்கத்தில் கடன் எடுத்தேன். ஒன்பதாம் நாள் காசைக் கையில் கொடுத்தேன். துண்டு ஒன்றும் தரவில்லை, நானும் கேட்கவில்லை. படிக்காதவள் என்று நினைக்க வேண்டாம், ஏ.எல். வரை படித்தவள் நான். தவிப்பு வந்தால் படிப்பு எங்கே போகிறது என்று தெரியாது.

அதே நேரம் வேறொரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. மேல் நீதிமன்றத் தீர்ப்புக்கு எதிராக மேன்முறையீட்டு மனு கொடுக்கப் பதினாலு நாட்கள்தான். எங்களுக்கு அது தெரியாது. வழக்குப் பேசிய சட்டத்தரணிக்குத் தெரிந்திருக்கும். ஆனால் அவருடைய வேலை தீர்ப்போடு முடிந்தது என்று நினைத்தாரோ, நாங்கள் வேறு ஆளிடம் போய்விட்டோம் என்று நினைத்தாரோ, ஒன்றும் சொல்லவில்லை. நானும் அவர் பக்கம் போகவில்லை. எனக்குக் கொழும்பில்தான் ஆள் இருக்கிறாரே!

பதின்மூன்றாம் நாள் அநுராதபுரம் சிறைக்குத் தங்கச்சியைப் பார்க்கப் போனேன். கம்பி வலைக்கு இந்தப் பக்கம் பத்துப் பேர், அந்தப் பக்கம் பத்துப் பேர், எல்லோரும் ஒரே நேரத்தில் கத்திக் கதைக்கிறார்கள். பிணைக்குக் காசு கட்டிவிட்டேன் என்று நானும் கத்திச் சொன்னேன். அவள் அதைக் காதில் வாங்காமல், "அப்பீல் குடுத்திட்டன் அக்கா" என்றாள். எனக்கு விளங்கவில்லை.

அவளோடு இருந்த ஒரு சிங்களப் பெண், அவளும் கொலை வழக்கில் தண்டனை பெற்றவள், தீர்ப்பு எப்போது என்று கேட்டிருக்கிறாள். இவள் சொன்னதும் விரலை மடித்து எண்ணிப் பார்த்துத் திடுக்கிட்டு, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அதிகாரியிடம் போயிருக்கிறாள். சிறையில் இருப்பவர் மேன்முறையீடு செய்யச் சட்டத்தரணி வரவேண்டும் என்றில்லை. பொறுப்பான சிறை அதிகாரியிடம் எழுத்திலோ வாயாலோ கால எல்லைக்குள் அறிவித்தால் போதும், அதை நீதிமன்றத்துக்கு அனுப்புவது அவருடைய கடமை. தங்கச்சி வாயால் சொன்னாள். அந்தப் பெண் சிங்களத்தில் எடுத்துச் சொன்னாள். அதிகாரி எழுதிக்கொண்டார். இவள் பெருவிரல் அடையாளம் வைக்கவில்லை, தன் கையெழுத்தையே வைத்தாளாம். அதைப் பெருமையாகச் சொன்னாள். அது பன்னிரண்டாம் நாள்.

நான் இரண்டரை இலட்சம் கொடுத்து அலைந்த நாட்களில், ஒரு சதமும் இல்லாமல், பாஷையும் தெரியாமல் அவள் அந்த வேலையை முடித்திருந்தாள்.

தம்பி அடுத்த கிழமை தொலைபேசி எடுக்கவில்லை. அதற்கடுத்த கிழமை அந்த இலக்கம் பாவனையில் இல்லை. அவரைத் தேடி வவுனியாவில் இரண்டு நாள் அலைந்ததைப் பற்றி எழுதி இடத்தை வீணாக்கப் போவதில்லை.

கடைசியில் மாதர் சங்கத்து அக்கா ஒருவர்தான் என்னை நீதிமன்ற வளவுக்குள் இருக்கும் சட்ட உதவி ஆணைக்குழு அலுவலகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். 1978 ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் வந்த அமைப்பு அது. வசதியில்லாதவர்களுக்கு இலவசமாக உதவுகிறது. எத்தனையோ தவணைக்கு அந்தக் கதவைக் கடந்து போயிருக்கிறேன், பலகையை ஒருநாளும் வாசித்ததில்லை. உள்ளே இளம் பெண் சட்டத்தரணி ஒருவர். நான் கொப்பியை விரித்து வைத்தேன். "பாருங்கோ பிள்ளை, அறுபத்தெட்டுக் கையெழுத்து. இதைக் காட்டிப் பிணை எடுக்கலாம்தானே?"

அவர் அவசரப்படாமல் கொப்பியின் எல்லாப் பக்கத்தையும் பார்த்தார். பிறகு சொன்னார்: "அம்மா, இது நல்ல ஆதாரம். வழக்கு நடக்கேக்க இது உதவியிருக்கும். தீர்ப்புக்குப் பிறகு சட்டம் வேற."

அவர் விளக்கியதை எனக்கு விளங்கியபடி எழுதுகிறேன். தீர்ப்புக்கு முன் ஒருவர் சந்தேகநபர், அல்லது எதிரி. குற்றம் இன்னும் நிரூபிக்கப்படவில்லை. 1997 இன் 30 ஆம் இலக்கப் பிணைச் சட்டம் அந்த நிலையில் பிணை பக்கமே சாய்கிறது. கொலை போன்ற வழக்குகளில் மேல் நீதிமன்றம் பார்த்துக் கொடுக்கும். குற்றவாளி என்று தீர்த்த பிறகு அந்தச் சாய்வு போய்விடுகிறது. மேல் நீதிமன்றத்தில் சிறைத்தண்டனை பெற்றவர் மேன்முறையீடு செய்துவிட்டுப் பிணை கேட்கலாம். ஆனால் அவர் விதிவிலக்கான காரணம் காட்ட வேண்டும் என்று நீதிமன்றங்கள் எதிர்பார்க்கின்றன. பிள்ளைகள் தனியாக இருக்கிறார்கள், வீட்டில் உழைக்க ஆளில்லை என்பவை எல்லாக் குடும்பத்துக்கும் பொதுவான கஷ்டங்கள் என்றே எடுக்கப்படும்.

கொலைக் குற்றத்துக்கு எங்கள் தண்டனைச் சட்டத்தில் உள்ளது மரண தண்டனை ஒன்றுதான். மரண தண்டனை பெற்றவர் மேன்முறையீடு செய்தால், தண்டனை நிறைவேற்றுவது நிறுத்தி வைக்கப்படும், ஆள் மேன்முறையீடு முடியும்வரை சிறையில்தான் வைக்கப்படுவார். 1979 ஆம் ஆண்டுக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது.

"அப்ப எவ்வளவு காசு குடுத்தாலும்?" என்று கேட்டேன்.

"எவ்வளவு குடுத்தாலும் அம்மா."

நான் அழவில்லை. தாலிக்கொடியை நினைத்து அன்றிரவுதான் அழுதேன். அந்தப் பிள்ளை பிறகு சொன்னதைத்தான் முக்கியமாக நினைக்கிறேன். "பிணையை விடுங்கோ. உங்கட தங்கச்சி வெளியில வாறதெண்டால் அது அப்பீலால மட்டும்தான். வழக்கேட்டில என்ன இருக்கெண்டு பாப்பம்."

மேன்முறையீட்டில் புதிதாகச் சாட்சி கூப்பிட்டு விளக்கம் நடப்பதில்லை என்பதும் அன்றுதான் தெரிந்தது. கீழே பதிவான எழுத்தை வைத்துத்தான் மேலே வாதம். எனக்கு நெஞ்சு இடிந்துபோனது. ஏனென்றால் தங்கச்சி விளக்கத்தில் வாயே திறக்கவில்லை. கூண்டில் நின்று, "எனக்கு என்ன நடந்ததெண்டு தெரியாது, பிள்ளையைக் காப்பாத்தினன்" என்று இரண்டு வசனம் சொன்னாள். அவர் அவளுக்குச் செய்ததையெல்லாம் சபையில் சொல்ல வெட்கம். செத்தவரைப் பற்றிக் கூடாமல் கதைக்கக் கூடாது என்றும் நினைத்தாள். பொலிசில் கொடுத்த முறைப்பாடுகளின் பிரதியை எடுத்து ஒப்படைக்க ஒருவரும் முயற்சிக்கவில்லை.

பிறகு காத்திருப்பு. அவளை வெலிக்கடைக்கு மாற்றினார்கள். இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை இரவு ரயிலில் கோட்டைக்கு இறங்கி, பஸ் பிடித்துப் பொரளைக்குப் போவேன். சிங்களத்தில் எனக்குத் தெரிந்தது ஐந்தாறு சொல். மகளை ஒரு தடவைதான் கூட்டிக்கொண்டு போனேன். கையில் தழும்பு தெரியாமல் நீளக்கைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தாள். தாய் அந்தக் கையைத்தான் காட்டச் சொல்லிக் கேட்டாள்.

2019 ஜூன் மாதத்தில், நான்கு பேரின் மரண தண்டனையை நிறைவேற்றக் கையெழுத்து வைத்துவிட்டதாக அப்போதைய ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன அறிவித்தார். அவர்கள் போதைப்பொருள் வழக்குக்காரர் என்று செய்தியில் சொன்னார்கள். மகனுக்கு அந்த வேறுபாடு விளங்குமா? பள்ளிக்கூடத்தில் ஒரு பெடியன் "உன்ர அம்மாவையும் தூக்குவினமாம்" என்று சொல்லியிருக்கிறான். இவன் மூன்று நாள் சோறு தின்னவில்லை. இலங்கையில் 1976 க்குப் பிறகு ஒருவரையும் தூக்கிலிடவில்லை என்று அவனுக்குத் திரும்பத் திரும்பச் சொன்னேன். உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை கொடுத்த செய்தி வந்த அன்றுதான் தட்டை எடுத்தான்.

2020 மார்ச்சில், மிருசுவிலில் 2000 ஆம் ஆண்டு எட்டுப் பேரைக் கொன்ற வழக்கில் மரண தண்டனை உறுதிசெய்யப்பட்டிருந்த இராணுவச் சிப்பாய் பொதுமன்னிப்பில் வெளியே போனார். அதே மாதம் கொரோனாவால் சிறைச் சந்திப்புகள் நின்றன. நவம்பரில் மகர சிறையில் கலவரம் நடந்து கைதிகள் செத்தார்கள். அவளிடமிருந்து தகவல் இல்லை. அந்த வருடம் முழுவதும் தொலைபேசி அடித்தால் நெஞ்சு பதறும்.

வழக்கேடு தட்டச்சாகி, மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போய், விசாரணைக்கு எடுக்க 2022 ஆகிவிட்டது. அதற்கிடையில் அந்த இளம் சட்டத்தரணி வழக்கேட்டை இருந்து வாசித்திருக்கிறார். ஒருநாள் எனக்குத் தொலைபேசி எடுத்து, "மாமியின்ர சாட்சியம் உங்களுக்கு ஞாபகம் இருக்கோ?" என்று கேட்டார்.

எப்படி மறப்பேன்? செத்தவரின் தாய். அரச தரப்புச் சாட்சி. என் மகனைக் கொன்றுபோட்டாள் என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதவர். அதற்குப் பிறகு நான் அவருடைய வேலிப் பக்கம் திரும்பிப் பார்த்ததில்லை. கோயிலில் கண்டாலும் ஒதுங்கிப் போவேன்.

"குறுக்கு விசாரணையில ஒரு கேள்விக்கு அவ சொன்ன பதில் பதிவாயிருக்கு" என்று வாசித்துக் காட்டினார். உங்கள் மகன் மனைவியை அடிப்பவரா என்பது கேள்வி. மாமியின் பதில்: "ஓம். குடிச்சால் அடிப்பான். பிள்ளையளையும் அடிப்பான். அண்டைக்கு முதல் கிழமையும் அவள் தலை உடைஞ்சு என்னட்டத்தான் ஓடி வந்தவள். நான்தான் திருப்பி அனுப்பினனான்."

நான் அன்று நீதிமன்றத்தில்தான் இருந்தேன். அவர் அழுதது மட்டும் எனக்குக் கேட்டது, இது கேட்கவில்லை.

அந்த ஐந்து வசனத்தை வைத்து ஒரு வாதம் கட்டினார்கள். கடுமையான, திடீர் ஆத்திரமூட்டலால் தன்னை இழந்து செய்த கொலை, கொலைக் குற்றம் ஆகாது, கைமோசக் கொலைதான் என்று தண்டனைச் சட்டத்தில் விதிவிலக்கு இருக்கிறது. ஆத்திரம் அந்தக் கணத்தில் மட்டும் பிறப்பதில்லை, நாள்கணக்காக அடிபட்டவளுக்குக் கடைசியாக நடந்தது ஒரு பொறி மாதிரி என்று எங்கள் மேல் நிலை நீதிமன்றங்கள் சில தீர்ப்புகளில் ஏற்றிருக்கின்றனவாம். மகளின் கைத் தழும்புக்கு வைத்திய அறிக்கை முன்னமே ஏட்டில் இருந்தது. முன்னைய அடிகளுக்கு மாமியின் வாய்தான் ஆதாரம்.

2023 தொடக்கத்தில் புதுக்கடையில் தீர்ப்பு. ஆங்கிலத்தில் வாசித்தார்கள். எனக்கு விளங்கியது 'ரென் இயர்ஸ்' என்ற இரண்டு சொல் மட்டும். கொலைத் தீர்ப்பு நீக்கப்பட்டது, கைமோசக் கொலைக்குப் பத்து வருடம், 2018 இல் குற்றவாளியாகக் கண்ட நாளிலிருந்து கணக்கு. இரண்டாவது அடியைச் சும்மா விடவில்லை. நானும் அதைச் சும்மா விடச் சொல்லிக் கேட்க மாட்டேன். ஒரு உயிர் போனது போனதுதான்.

ஊருக்கு வந்த அன்று பின்னேரம் மாமி வீட்டுக்குப் போனேன். பன்னிரண்டு வருடத்துக்குப் பிறகு அந்தப் படலையைத் திறந்தேன். கண் மங்கிப்போய்த் திண்ணையில் இருந்தார். என்னைக் குரலில்தான் அடையாளம் கண்டார். சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நான் உண்மையைத்தானே சொன்னனான்" என்றார். பிறகு பேத்தி என்ன படிக்கிறாள் என்று கேட்டார். பிளேன்ரீ போட எழும்பினார். நான்தான் போட்டுக் கொடுத்தேன். அவர் அடுத்த வருடம் இறந்தார். மகளும் மகனும் போய்ப் பந்தம் பிடித்தார்கள்.

தாலிக்கொடி ஏலத்தில் போய்விட்டது. சங்கக் கடனில் இன்னும் கொஞ்சம் இருக்கிறது. எங்கள் ஒழுங்கையில் யாருக்காவது வழக்கென்றால் இப்போது என்னிடம்தான் வருகிறார்கள். பிணை எடுக்கலாமா என்றுதான் முதலில் கேட்பார்கள். என்ன குற்றம், தீர்ப்பு வந்துவிட்டதா, வந்து எத்தனை நாள் என்று நான் திருப்பிக் கேட்பேன். யாராவது காசு கேட்டார்களா என்பதையும் கேட்பேன். பாதிப்பேர் பதில் சொல்லாமல் நிலத்தைப் பார்ப்பார்கள்.

தங்கச்சி நன்னடத்தைக் கழிவுகள் போக 2025 இல் வீட்டுக்கு வந்தாள். முடி பாதி நரைத்துவிட்டது. வந்த மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை விடியவே எழும்பி, முழுகி, சீலை உடுத்திக்கொண்டு என் வாசலில் வந்து நின்றாள். "அக்கா, கையெழுத்து வைக்கப் போகத் தேவையில்லையோ?"

தேவையில்லை என்று சொன்னேன். நம்பவில்லை. ஞாயிற்றுக்கிழமை என்றும் பாராமல் அந்தச் சட்டத்தரணிப் பிள்ளைக்குத் தொலைபேசி எடுத்து அவள் காதில் வைத்தேன். கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினாள். சீலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு கோழிக்கூடு திறக்கப் போனாள்.